காரை ஓடையும் கொலராடோ சாம்பலும்

பெரம்பலூர் மாவட்டத்தில், பாடாலூருக்குக் கிழக்கே, காரை என்றொரு சிற்றூர். ஊரைத் தாண்டினால் உழவுக்கு உதவாத நிலம் விரிகிறது: மழைநீர் அரித்த ஓடைகள், அவற்றுக்கிடையே புல்கூடச் சரியாக முளைக்காத களிமண் மேடுகள். ஓரிடத்தில் சாம்பல் நிறம், பக்கத்திலேயே காவி, சற்றுத் தள்ளி மஞ்சள். ஓடைக்கரையில் ஜிப்சத் தகடுகள் வெயிலில் பளபளக்கின்றன. குனிந்து தேடினால் விரல் நீளத்தில், துப்பாக்கி ரவையைப் போல ஒருமுனை கூர்ந்த வழவழப்பான கற்கள் அகப்படும். இவை பெலம்னைட்டுகள். கணவாய்க்கு உறவான, என்றோ அழிந்துபோன ஒரு கடல் உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டிப் பகுதிதான் இப்படிக் கல்லாகக் கிடக்கிறது. கூடவே அம்மோனைட் என்னும் சுருள் ஓடுகளும் உண்டு.

இன்றைய கடற்கரை வெகு தொலைவில் இருக்க, இங்கே கடல் உயிர்கள் எப்படி என்பது முதல் கேள்வி. இங்கே கடல் இருந்தது; விடை எளிது. எப்போது இருந்தது என்பதுதான் வில்லங்கமான கேள்வி. புவியியல் நூல்கள் தயங்காமல் பதில் சொல்கின்றன: ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன். இன்னும் நுணுக்கமாக, இந்தக் களிமண்ணுக்குள் அமைந்த ஓர் எல்லைக்கு 9.39 கோடி ஆண்டு என்று தசமப் புள்ளியோடு சொல்கின்றன.

அந்தக் களிமண்ணை எந்த ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் 9.39 கோடி என்ற விடை வராது. பெலம்னைட்டை உடைத்தாலும் வராது. அந்த எண் காரையில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது மூன்று தனித்தனி வேலைகளால் கிடைத்தது. எது முன், எது பின் என்று அடுக்குகளை வரிசைப்படுத்துவது ஒன்று. ஓர் ஊரின் அடுக்கை இன்னோர் ஊரின் அடுக்கோடு ஒப்பிட்டுப் பொருத்துவது இன்னொன்று. அந்த வரிசையில் எங்கோ சில இடங்களில் ஆண்டுக்கணக்கில் எண்ணைப் பதிப்பது மூன்றாவது. இவற்றைக் கண்டறிந்தவர்கள் வெவ்வேறு நூற்றாண்டுக்காரர்கள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பூமியின் வயதுக் கணக்கில் ஒரு வரிகூட எழுத முடியாது.

வரிசை

1666-ல் இத்தாலியின் லிவோர்னோ கடற்கரை அருகே பிடிபட்ட பெரிய சுறா ஒன்றின் தலை ஃபுளோரன்ஸ் நகருக்கு வந்தது. அதை அறுத்துப் பார்த்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த உடற்கூறியலாளர் நிக்கலாஸ் ஸ்டெனோ. சுறாவின் பற்கள் அவருக்கு வேறொன்றை நினைவூட்டின. பாறைகளுக்குள் கிடைக்கும் முக்கோணக் கற்களை அந்நாளில் ‘நாக்குக் கல்’ என்பார்கள். விஷமுறிவு மருந்தாக வைத்திருந்தவர்களும் உண்டு. அவை சுறாப் பற்களேதான் என்று ஸ்டெனோ எழுதினார்.

அடுத்து எழுந்த கேள்விதான் அவரைப் பெரியவராக்கியது. திடமான பல், திடமான பாறைக்குள் எப்படிப் போயிற்று? பல் விழுந்தபோது பாறை பாறையாக இல்லை, சேறாக இருந்தது. நீருக்கடியில் படிந்த சேறு பிற்பாடு இறுகியது. இதிலிருந்து அவர் 1669-ல் சில விதிகளை வகுத்தார். சேறு படியும்போது ஏறக்குறைய மட்டமாகவே படியும். சாய்ந்து கிடக்கும் அடுக்கைக் கண்டால், பின்னர் ஏதோ அதைச் சாய்த்திருக்கிறது என்று கொள்ளலாம். கீழ் அடுக்கு படிந்த பிறகே மேல் அடுக்கு படிய முடியும். அடுக்கு பக்கவாட்டில் தொடர்ந்து பரவியிருக்கும்; நடுவே பள்ளத்தாக்கு அறுத்துப் போனாலும் எதிர்க்கரையில் அதே அடுக்கு தொடரும். படித்தால் இதெல்லாம் தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் உலகம் முழுவதும் புவியியலாளர்கள் இன்றும் காலையில் இதை வைத்துத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள்.

காரைப் பக்கத்தில் இந்த விதி தரையிலேயே தெரியும். இங்கே அடுக்குகள் மெல்லக் கிழக்கு நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. ஆகவே மேற்கிலிருந்து கிழக்காக நடப்பவர் ஒவ்வோர் அடுக்கின் தலையையும் மிதித்து, பழையதிலிருந்து புதியதுக்குப் போகிறார். மேற்கே ஊட்டத்தூர் அருகே மிகக் கீழான அடுக்குகள். பிறகு காரைக் களிமண். அதற்கும் கிழக்கே கருடமங்கலத்து மணற்கல். அப்புறம் அரியலூர், சிமெண்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் கொடுக்கும் கல்லங்குறிச்சி அடுக்கு இங்கேதான். கடைசியில் செந்துறைப் பக்கம் நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல். பேருந்தில் ஒரு பொழுதில் போய்விடக்கூடிய தூரத்தில் நான்கு கோடி ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு படிந்து கிடக்கிறது.

மேற்கு ஓரத்தில் இந்த அடுக்குகளுக்கு அடியில் என்ன இருக்கிறது? பச்சைமலையைப் போன்ற குன்றுகளை ஆக்கியிருக்கும் கெட்டியான நைஸ், சார்னகைட் பாறைகள். பூமியின் ஆழத்தில் பெருவெப்பத்தில் வெந்து உருமாறியவை. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. அவற்றின் மேல் படிந்த கடற்சேற்றுக்கோ சுமார் 11 கோடிதான். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு கையை வைத்தால் விரல்களுக்கிடையே இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் விடுபட்டுப்போயிருக்கும். அந்தக் காலத்தில் இங்கே படிந்தவை தேய்ந்து போயின, அல்லது எதுவும் படியவே இல்லை.

இத்தகைய இடைவெளியின் பொருளை முதலில் உணர்ந்தவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன். 1788-ல் சிக்கார் பாயிண்ட் என்ற கடற்கரைப் பாறையில், செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும் பழைய அடுக்குகளின் மேல் சிவந்த மணற்கல் அடுக்குகள் லேசான சாய்வில் படுத்திருப்பதை நண்பர்களுக்குக் காட்டினார். கீழடுக்குகள் கடலடியில் படிந்து, இறுகி, நிமிர்த்தப்பட்டு, மேலே வந்து தேய்ந்து, மறுபடி தாழ்ந்த பிறகே மணற்கல் படிந்திருக்க முடியும். விவிலியத்தை வைத்து ஆறாயிரம் ஆண்டுக்குள் உலகத்தை அடைத்து வைத்திருந்த கணக்கு ஒத்துவராது என்று சொல்ல அந்த ஒரு பாறை போதும்.

ஆனால் எத்தனை ஆண்டு என்று ஹட்டனால் சொல்ல முடியவில்லை. அடுக்கின் தடிமனை வைத்தும் சொல்ல முடியாது. ஒரே வெள்ளத்தில் ஒரு மீட்டர் மணல் படிவதும் உண்டு. ஆழ்கடலில் ஒரு மீட்டர் சேறு படியப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆவதும் உண்டு. அடுக்குகளின் வரிசை முன்பின் சொல்லும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

ஒப்பு

இங்கிலாந்தின் வில்லியம் ஸ்மித் கொல்லர் மகன். 1790-களில் சோமர்செட் பகுதியில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் கால்வாய்க்காக நில அளவை செய்துகொண்டிருந்தார். கால்வாய் வெட்ட வெட்ட அடுக்குகள் வெளிப்பட்டன. தொழிலாளர்களுக்கு எந்த இடத்தில் களிமண் வரும், எங்கே கெட்டிப் பாறை வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. தவறினால் செலவு ஏறும், நீர் கசியும்.

அவருக்கு வந்த சிக்கல், ஒரு களிமண் இன்னொரு களிமண்ணைப் போலவே இருப்பது. நிறத்தையும் பதத்தையும் வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் உள்ளே கிடக்கும் சிப்பிகளும் சுருள் ஓடுகளும் அடுக்குக்கு அடுக்கு வேறுபட்டன. ஒவ்வோர் அடுக்குக்கும் அதற்கென்று ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டங்களின் வரிசை பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறவே இல்லை. ஒரு கைப்பிடிப் புதைபடிவங்களைக் காட்டினால் அவை எந்த அடுக்கிலிருந்து வந்தவை என்று அவர் சொல்லிவிடுவார். 1815-ல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் புவியியல் வரைபடம் வெளியிட்டார். அடுத்த சில ஆண்டுகளில் கடனுக்காகச் சிறையும் போய்வந்தார். லண்டன் புவியியல் சங்கம் 1831-ல்தான் அவருக்குப் பதக்கம் கொடுத்துக் கௌரவித்தது.

ஸ்மித்தின் முறை ஏன் பலிக்கிறது? உயிரினங்கள் தோன்றுகின்றன, பரவுகின்றன, அழிகின்றன. அழிந்த இனம் திரும்பி வருவதில்லை. ஆகவே ஓர் இனம் கிடைக்கும் பாறை அது வாழ்ந்த காலத்துக்குள் படிந்ததாகத்தான் இருக்க வேண்டும். எல்லா இனமும் இதற்குச் சமமாகப் பயன்படாது. லிங்குலா என்ற சிறு ஓட்டுயிரின் வகை நாற்பது கோடி ஆண்டுக்கு மேலாகப் பெரிதாக உருமாறாமல் இருந்துவருகிறது. அதைக் கண்டால் காலத்தைப் பற்றி ஒன்றும் தெரிந்துவிடாது. நமக்கு வேண்டியது, பல கடல்களில் பரவி, ஏராளமாக வாழ்ந்து, சீக்கிரமே அழிந்து, பார்த்ததும் அடையாளம் தெரியக்கூடிய உயிர்.

அம்மோனைட் இந்த நான்கிலும் தேறும். அதன் ஓடு அறை அறையாகத் தடுக்கப்பட்டது. தடுப்புச் சுவர் வெளிச்சுவரோடு சேரும் விளிம்பு நேர்கோடாக இருக்காது. வளைந்து, மடிந்து, ஒவ்வொரு மடிப்பும் மறுபடி கிளை பிரிந்து ஓடும். மேலோடு பெயர்ந்துபோன அம்மோனைட்டைக் கையில் எடுத்தால் இந்தக் கோடுகள் கல்லின் மேல் செதுக்கியதுபோலத் தெரியும். வகைக்கு வகை இந்தக் கோலம் வேறு. விலா எலும்பு போன்ற மேடுகள், முள், முடிச்சு, சுருளின் அகலம் என்று மற்ற அடையாளங்களும் உண்டு. ஜெர்மனியின் ஆல்பர்ட் ஓப்பல் 1850-களில் ஜுராசிக் காலப் பாறைகளை அம்மோனைட்டுகளைக் கொண்டே மெல்லிய காலமண்டலங்களாகப் பிரித்துக் காட்டினார். பாறை களிமண்ணா, சுண்ணாம்பா என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

தென்னிந்தியாவின் அம்மோனைட்டுகளும் இதே காலத்தில்தான் அறிவியலுக்கு வந்தன. கேய், கன்லிஃப் என்ற இருவர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிப் பகுதிகளில் சேகரித்த புதைபடிவங்கள் லண்டனுக்குப் போயின. 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை ஆராய்ந்து எழுதினார். ஐரோப்பாவில் சுண்ணப்பாறைகள் படிந்த அதே கிரெட்டேசியஸ் காலத்தவை இவை என்பது தெரிந்தது. 1857 முதல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியை அளந்து, ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று பெருந்தொகுதிகளாகப் பிரித்து 1862-ல் வெளியிட்டார். அந்தப் பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. மொராவியாவிலிருந்து வந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இங்குள்ள சிப்பி, நத்தை, பவளம், அம்மோனைட் எல்லாவற்றையும் வகைப்படுத்த ஏறக்குறைய பத்தாண்டு செலவிட்டார். ஆஸ்திரியாவின் ஃபிரான்ஸ் கோஸ்மாட் 1890-களில் அந்த வகைப்பாட்டைத் திருத்தி விரித்தார். அவர் அப்போது பெயரிட்ட நியோப்டைகைடிஸ் என்ற அம்மோனைட் பேரினம் பின்னாளில் ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவிலும் கிடைத்தது. திருச்சிக் களிமண்ணும் அட்லாண்டிக்குக்கு அப்பாலுள்ள சுண்ணாம்புக்கல்லும் ஒரே காலத்தவை என்று சொல்ல இப்படித்தான் சாட்சி சேர்ந்தது.

புதைபடிவத்தைத் தவறாக அடையாளம் கண்டால் கணக்கு மொத்தமும் தடம் புரளும். 2020 இறுதியில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் மண்ணுக்குள்ளிருந்து பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி கைப்பேசிக்குக் கைப்பேசி பறந்தது. வல்லுநர்கள் பார்த்துவிட்டு முட்டை இல்லை என்றார்கள். கடலடிச் சேற்றில் அம்மோனைட் ஓடு போன்ற ஒன்றைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து படிந்து படிந்து உருண்டையாகத் திரண்ட கட்டிகள் அவை. கடலடியில் டைனோசர் முட்டையிடாது. சுற்றியுள்ள பாறை என்ன என்று பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும்.

இன்னொரு பொறியும் உண்டு. பழைய அடுக்கு அரிக்கப்படும்போது அதிலுள்ள கெட்டியான புதைபடிவம் உருண்டு வந்து புதிய அடுக்கில் மறுபடி புதையலாம். தேய்ந்த முனை, ஒட்டியிருக்கும் வேறு நிறப் பாறைத் துணுக்கு ஆகியவை அந்த வழிப்போக்கனைக் காட்டிக்கொடுக்கும். அதனால்தான் ஒற்றைப் புதைபடிவத்தை நம்பி யாரும் காலம் சொல்வதில்லை, கூட்டத்தையே பார்க்கிறார்கள்.

பாறையை வைத்துப் புதைபடிவத்தின் காலத்தையும், புதைபடிவத்தை வைத்துப் பாறையின் காலத்தையும் சொல்வது சுற்றி வளைத்து ஏமாற்றுவதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. எது முன், எது பின் என்பதைத் தரையில் அடுக்குகளே காட்டிவிட்டன. டார்வின் 1859-ல் பரிணாமம் பற்றிய நூலை வெளியிடுவதற்கு அறுபது ஆண்டு முன்பே ஸ்மித் அந்த வரிசையை எழுதி வைத்துவிட்டார். அது சரிதானா என்று பார்க்க முற்றிலும் வேறு திசையிலிருந்து ஒரு சோதனையும் வந்தது.

எண்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பூமியின் வயதைப் பற்றி உரக்கப் பேசியவர் இயற்பியலாளர் கெல்வின் பிரபு. உருகிய நிலையிலிருந்து பூமி குளிர்ந்துவர எத்தனை காலம் ஆகும் என்று கணக்கிட்டு 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுக்குள் என்றார். பிற்பாடு 2 முதல் 4 கோடி என்று இறுக்கினார். அடுக்குகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அது போதாது என்று தெரியும். ஆனால் மறுத்துச் சொல்ல அவர்களிடம் எண் இல்லை.

1896-ல் ஹென்றி பெக்கெரல் கதிரியக்கத்தைக் கண்டார். யுரேனியம் தானாகச் சிதைந்து, பல படிகளைக் கடந்து, ஈயமாக முடிகிறது என்பது அடுத்த சில ஆண்டுகளில் புரிந்தது. அந்தச் சிதைவின் வேகத்தை வெப்பமோ அழுத்தமோ மாற்றுவதில்லை. அப்படியானால் ஒரு கனிமத்தில் யுரேனியம் எவ்வளவு மிச்சம், ஈயம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது கிடைக்க வேண்டும். அமெரிக்காவின் பெர்ட்ரம் போல்ட்வுட் 1907-ல் இந்த வழியில் முதல் பட்டியலை வெளியிட்டார். 1911-ல் லண்டனில் ஆர்தர் ஹோம்ஸ் என்ற 21 வயது இளைஞர் அதைத் தொடர்ந்தார்.

ஹோம்ஸின் பட்டியலில் முக்கியமானது தனி எண்கள் அல்ல, அவை விழுந்த ஒழுங்கு. புதைபடிவ வரிசைப்படி கார்போனிஃபெரஸ் பாறை இளையது. அதற்கு வந்த எண் 34 கோடி ஆண்டு. அதற்கு மூத்த டெவோனியனுக்கு 37 கோடி. அதற்கும் மூத்த சிலூரியன் அல்லது ஆர்டோவிசியனுக்கு 43 கோடி. புதைபடிவம் தென்படாத பழம்பாறைகளுக்கு நூறு கோடிக்கு மேல். பட்டியலில் எல்லாவற்றுக்கும் மூத்ததாக வந்தது இலங்கையிலிருந்து போன கனிமம், 164 கோடி. ஐசோடோப்பு என்ற கருத்தே பிறக்காத நாட்கள் அவை. ஆகவே எண்கள் பின்னர் திருத்தப்பட்டன. ஆனால் சிப்பியும் சுருள் ஓடும் சொன்ன வரிசையை, சிப்பி பற்றி எதுவுமே அறியாத யுரேனியம் வழிமொழிந்தது. சுற்றி வளைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்குப் பதில் அந்தப் பட்டியல்தான்.

இன்று இந்த வேலைக்கு மிகவும் நம்பப்படுவது சிர்க்கான் என்ற கனிமம். எரிமலைக் குழம்பு இறுகும்போது முடி அளவு தடிமனில் சிர்க்கான் படிகங்கள் உருவாகின்றன. அவை யுரேனியத்தைத் தம் கட்டமைப்புக்குள் ஏற்கின்றன, ஈயத்தை ஏற்பதில்லை. எனவே பிறக்கும்போது ஈயம் கிட்டத்தட்ட பூஜ்யம். பிறகு உள்ளே காணப்படும் ஈயம் யுரேனியத்திலிருந்து வந்தது. யுரேனியத்தில் இரண்டு வகை உண்டு. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு. யுரேனியம்-235 பாதியாகக் குறைய 70 கோடி ஆண்டு. இரண்டும் தனித்தனி ஈய வகைகளாக மாறுகின்றன.

9.39 கோடி ஆண்டு வயதுள்ள ஒரு படிகத்தை எடுத்துக்கொள்வோம். அதில் தொடக்கத்தில் இருந்த ஆயிரம் யுரேனியம்-238 அணுக்களில் சுமார் 14 மட்டுமே மாறியிருக்கும். ஆயிரம் யுரேனியம்-235 அணுக்களிலோ சுமார் 88 மாறியிருக்கும். ஒரே மணிக்குள் இரண்டு கணக்கு. இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் அந்தப் படிகம் நம்பத் தக்கது. சொல்லாவிட்டால் இடையில் ஈயம் கசிந்திருக்கிறது, அல்லது பழைய மணி ஒன்றைச் சுற்றிப் புதிய படிகம் வளர்ந்திருக்கிறது. அதை ஒதுக்கி வைப்பார்கள்.

அப்படியானால் காரைக் களிமண்ணிலுள்ள மணலிலிருந்து சிர்க்கானைப் பொறுக்கி அளந்துவிடலாமே? அளக்கலாம். ஆனால் அந்த மணி பிறந்தது களிமண் படிந்த கடலில் அல்ல. மேற்கே உள்ள குன்றுகள் தேய்ந்து, ஆற்றோடு வந்து சேர்ந்த மணல் அது. அது தன் தாய்ப்பாறையின் வயதைத்தான் சொல்லும். 250 கோடி என்று வந்தாலும் வியப்பில்லை. படிவுப்பாறையை நேராக அளக்க முடியாமல் போவதற்குக் காரணம் இதுவே.

கார்பன் முறை? இதே மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரத்தைப் பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். 1940-ல் புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்த மரம் அது. கார்பன்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டுதான் ஆகிறது. ஐம்பத்தேழாயிரம் ஆண்டில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். கோடிக் கணக்கான ஆண்டுகளில் ஓர் அணுகூட மிஞ்சாது. கீழடி அகழாய்வின் கரித்துண்டுக்கு உதவும் முறை சாத்தனூரின் கல்மரத்துக்கு உதவாது. அந்த மரத்தின் வயது, அது கிடக்கும் கிரெட்டேசியஸ் கடற்படிவின் வயது. அதைச் சொல்வது அக்கம்பக்கத்து அம்மோனைட்டுகள்.

ஆக, எண் வேண்டுமென்றால் எரிமலை வேண்டும். எரிமலை கக்கிய சாம்பல் காற்றில் பறந்து, கடலில் விழுந்து, சேற்று அடுக்குகளுக்கிடையே மெல்லிய படலமாகப் படிய வேண்டும். அந்தச் சாம்பலின் படிகங்கள் பிறந்த காலமும் அது படிந்த காலமும் ஏறக்குறைய ஒன்று. காரைக்கு அந்த எண் வெகு தூரத்திலிருந்து வந்தது.

புயெப்லோவின் 86-வது அடுக்கு

கிரெட்டேசியஸ் காலத்தில் வட அமெரிக்காவை வடக்கிலிருந்து தெற்காக ஒரு கடல் பிளந்திருந்தது. அதன் மேற்கே எரிமலைகள் அடிக்கடி வெடித்தன. சாம்பல் கடலில் விழுந்தது. கொலராடோ மாநிலத்தின் புயெப்லோ நகருக்கு அருகே, அந்தக் கடலின் அடித்தளம் இன்று ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஓரமாக வெளியே தெரிகிறது. சுண்ணாம்புக்கல், களிமண்கல், மறுபடி சுண்ணாம்புக்கல் என்று மாறி மாறி வரும் அடுக்குகள்; ஒவ்வொன்றுக்கும் எண் இட்டிருக்கிறார்கள். இடையிடையே சில சென்டிமீட்டர் தடிமனில் சாம்பல் களிமண்ணாக மாறிய படலங்கள்.

இங்கே 86-வது அடுக்கின் அடியில் வாடினோசெராஸ் டெவோனென்ஸ் என்ற அம்மோனைட் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது. செனோமேனியன் என்ற காலப்பிரிவு முடிந்து டுரோனியன் தொடங்கும் எல்லை இதுவே என்று 2003-ல் உலகப் புவியியல் அமைப்பு உறுதி செய்தது. இத்தகைய எல்லைக் குறியைப் புவியியலாளர்கள் ‘பொன் ஆணி’ என்கிறார்கள். எல்லைக்கு அருகிலுள்ள சாம்பல் படலங்களின் சிர்க்கான்களில் யுரேனியமும் ஈயமும் அளக்கப்பட்டன. இன்னொரு கனிமத்தில் பொட்டாசியமும் அது மாறிய ஆர்கானும் அளக்கப்பட்டன. மூன்றாவதாக ஒரு சோதனை: சூரியனைச் சுற்றும் பூமியின் பாதை சுமார் நான்கு லட்சம் ஆண்டுக்கொரு முறை சற்று நீண்டு குறுகுகிறது, அந்தத் தாளம் தட்பவெப்பத்தின் வழியாகச் சுண்ணாம்பும் களிமண்ணும் மாறி மாறிப் படிவதில் பதிந்திருக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்த்து 2012-ல் வந்த விடை 9.39 கோடி ஆண்டு. ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ஆண்டு முன்பின் இருக்கலாம்.

காரையின் களிமண்ணிலும் செனோமேனியன் அம்மோனைட்டுகள் கீழே, டுரோனியன் அம்மோனைட்டுகள் மேலே. நடுவே எங்கோ அதே எல்லை. அந்த இடத்தில் கொலராடோவின் எண்ணைக் கொண்டுவந்து பதிக்கலாம். அம்மோனைட்டை மட்டும் நம்பவும் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணோட்டு உயிர்கள் தனியே சாட்சி சொல்கின்றன. 2002-ல் புவியியலாளர் ஆண்டி கேல் குழுவினர், காரை அடங்கிய காவிரிப் படுகையின் செனோமேனியன் அடுக்குகளில் கடல்மட்டம் ஏறி இறங்கிய தடங்களை ஐரோப்பாவின் தடங்களோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் பொருந்தின, பூமிப் பாதையின் அதே நான்கு லட்சம் ஆண்டுத் தாளம் இங்கும் கேட்கிறது என்றார்கள்.

ஒரு முறை மட்டும் இங்கே கைகொடுக்காது. பூமியின் காந்த வடதுருவமும் தென்துருவமும் அவ்வப்போது இடம் மாறுகின்றன. பாறைகளில் அது பதிவாகிறது. பல காலங்களுக்கு அருமையான அளவுகோல். ஆனால் சுமார் 12 கோடி ஆண்டிலிருந்து 8.3 கோடி வரை காந்தம் திசை மாறாமலே இருந்தது. காரைக் களிமண் படிந்தது சரியாக அந்த மௌனத்துக்குள். எந்த ஊருக்கு எந்த முறை என்பதைப் பாறைதான் தீர்மானிக்கிறது.

எலும்புக்கு மேலும் கீழும்

அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் வேறு விதமான அடுக்கு. கடல் பின்வாங்கி, ஆறுகள் கொண்டுவந்த மணலும் களிமண்ணும் படிந்த நிலம் இது. இங்கே டைனோசர் எலும்புகள் உண்டு. புவியியலாளர் சார்லஸ் மேட்லி 1929-லேயே அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். எலும்பில் யுரேனியம் அளந்தால் வயது வராது. மண்ணுக்குள் இருக்கும் காலமெல்லாம் நிலத்தடி நீர் எலும்புக்குள் யுரேனியத்தைக் கொண்டுவரும், கொண்டுபோகும். அக்கம்பக்கத்தில் சாம்பலும் இல்லை.

அப்போது செய்வது, மேலும் கீழும் பார்ப்பது. கல்லமேட்டுக்குக் கீழே, மாஸ்ட்ரிக்டியன் எனப்படும் கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிப் பிரிவுக்குரிய கடல் உயிர்கள். மேலே நின்னியூரில் கடல் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் அம்மோனைட் ஒன்றுகூட இல்லை. இருப்பது ‘டேனிக்கஸ்’ எனப் பெயர் பெற்ற நாட்டிலஸ் வகை. டென்மார்க்கின் டேனியன் சுண்ணாம்புக்கல்லிலும் அதே வகை கிடைக்கிறது. அம்மோனைட் குலமே அழிந்த பிறகு படிந்தது அது. பறவைகள் நீங்கலாக டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் மறைந்த அந்த எல்லைக்கு வயது 6.6 கோடி ஆண்டு. அதன் பொன் ஆணி துனீசியாவின் எல் கெஃப் என்ற இடத்தில். இத்தாலியின் குப்பியோவில் அதே எல்லையின் களிமண்ணில் இரிடியம் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டு, விண்கல் மோதியது என்று லூயி, வால்டர் ஆல்வரெஸ் குழுவினர் 1980-ல் சொன்னார்கள். மெக்சிகோவின் சிக்சுலுப் பள்ளம் பின்னர் தெரியவந்தது. கல்லமேட்டு எலும்பு அந்த எல்லைக்குச் சற்றுக் கீழே. மாஸ்ட்ரிக்டியன் தொடக்கமான ஏறக்குறைய 7.2 கோடிக்கு மேலே. எலும்பைத் தொடாமலே அதன் வயதுக்கு இரண்டு பக்கமும் வேலி போட்டாயிற்று.

பழைய பாடநூல்களைப் புரட்டினால் டைனோசர்கள் அழிந்தது 6.5 கோடி ஆண்டுக்கு முன் என்றிருக்கும். இப்போது 6.6. செனோமேனியன் முடிவு 2004-ஆம் ஆண்டின் காலஅட்டவணையில் 9.35 கோடி, 2012-ல் 9.39. இப்படி மாறுவதைக் கண்டு, விஞ்ஞானிகள் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். மாறியது மூன்றாவது வேலையின் விளைவு மட்டும்: கருவி கூர்மையானது, சிதைவு வேகத்தின் அளவு திருந்தியது, நல்ல சாம்பல் படலம் கிடைத்தது. இன்னும் பத்தாண்டில் 9.39-ன் கடைசி இலக்கம் மறுபடி மாறலாம். அதற்காகச் செனோமேனியன் அம்மோனைட் ஒன்று டுரோனியனுக்கு மேலே ஏறிவிடாது. நின்னியூர் காரைக்குக் கீழே போய்விடாது. பிளான்ஃபோர்ட் யுரேனியத்தின் பயனை அறியாமல், நடந்தும் தோண்டியும் எழுதிவைத்த ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் வரிசையின் மேல்தான் ஒவ்வொரு புதிய எண்ணும் வந்து உட்காருகிறது.